வீட்டின் இரண்டாவது நோயாளி

சிறுநீரகப் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் சிலர், நோயாளியைப் பற்றிய கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு, எழுந்து கதவருகே நின்றுகொண்டு இன்னொரு கேள்வியைக் கேட்பதுண்டு. “எங்கள் வீட்டுப் பூனைக்கும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறதாம் டாக்டர். இவருக்கு இப்படி இருக்கும்போது அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?” கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பது போலச் சிரிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்துபோகும் ஒருவருக்கு, வீடு திரும்பியதும் மடியில் வந்து படுக்கும் உயிர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பூனை நோயுற்றால் வீட்டில் இரண்டாவது நோயாளி உருவாகிவிடுகிறது. ஏற்கெனவே களைத்திருக்கும் அதே கைகள்தான் அதையும் கவனிக்க வேண்டும்.

நான் மனிதர்களுக்கான மருத்துவர். பூனையின் நோயைக் கண்டறிவதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் கால்நடை மருத்துவரின் பணி. ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் நோயுற்ற பூனையை எவ்வாறு வைத்துக்கொள்வது என்பது எங்கள் இரு துறைகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிற கேள்வி. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இராஜபாளையம் நாய்க்குப் பெயர்போன ஊர். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது இராஜபாளையம் நாயும் அதில் இடம்பெற்றது. பூனைக்கு அப்படி ஒரு மதிப்பு இங்கே இல்லை. தானாக வரும், தானாகத் தங்கும், நோய் வந்தால் தானாக எங்கோ மறைந்துவிடும் என்பதே பொது எண்ணம். மறைந்துவிடும் என்பது உண்மைதான். தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய உயிர் என்பதால் பூனை வலியை வெளிக்காட்டாது. கட்டிலுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால், பரண்மேல் ஒதுங்கிக்கொள்ளும். அது ஒதுங்குவதை நாம் கவனிக்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

வயதான பூனைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களுள் ஒன்று நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு. மனிதர்களுக்கு இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறோம். பூனைகளுக்கு நான்கு நிலைகள். இரத்தத்தில் கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது நான்காம் நிலை. தண்ணீர் அதிகம் குடிப்பது, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவது, முதுகெலும்பு கையில் தட்டுப்படும் அளவுக்கு மெலிவது, வாய் நாற்றம், காலையில் வாந்தி ஆகியவை அறிகுறிகள். இவற்றைப் படிக்கும் சிறுநீரக நோயாளிகளின் குடும்பத்தினர் இது தங்களுக்குத் தெரிந்த கதைதானே என்று நினைப்பார்கள். ஆம், பாதி தெரிந்த கதை. அந்தப் பாதி உதவும். மற்றப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

உதவும் பாதியை முதலில் சொல்கிறேன். நோயாளியைக் கவனித்துப் பழகிய குடும்பத்துக்கு எடை பார்க்கத் தெரியும். டயாலிசிஸ் நோயாளியின் எடையை ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பது போலப் பூனையின் எடையையும் வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். நான்கு கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் நமக்குச் சிறிதாகத் தோன்றும். அறுபது கிலோ மனிதர் மூன்று கிலோ இளைத்ததற்கு அது சமம். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் எடைக்கருவியில் நின்று கழித்துப் பார்ப்பதில் இவ்வளவு நுட்பமான வேறுபாடு தெரியாது. குழந்தைகளை நிறுக்கும் தராசோ கடைத் தராசோ நல்லது.

ஒரு சிறு குறிப்பேடு போடுங்கள். இன்று எத்தனை முறை சாப்பிட்டது, எவ்வளவு குடித்தது, சிறுநீர், மலம், வாந்தி, மருந்து கொடுத்த நேரம், இவ்வளவு போதும். உறங்கும்போது மூச்சை எண்ணிப் பழகுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் குறிப்பேட்டை மூடிவிட்டு உடனே புறப்படுங்கள்.

உணவில் பூனை நம்மைப் போன்றதன்று. இறைச்சி உண்ணும் உயிர். தாரின் என்னும் அமினோ அமிலம் அதற்கு உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும். சோறும் பாலும் தயிரும் மட்டும் கொடுத்து வளர்த்தால் காலப்போக்கில் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூனை மெலிந்துவிட்டதே என்று பால்கோவாவைக் கிள்ளிப்போடும் பாட்டிமார்களை நான் கடிந்துகொள்வதில்லை, ஆனால் பூனைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கருவாட்டில் உப்பு மிகுதி. சிறுநீரக நோயுள்ள பூனைகளுக்குப் பாஸ்பரஸ் குறைந்த தனி உணவு உண்டு. கால்நடை மருத்துவர் அதைப் பரிந்துரைத்தாலும் பூனை அதைத் தொட மறுத்தால், பழைய உணவையே உண்ணட்டும். பட்டினியைவிட அது மேல். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் எதுவும் உண்ணாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே “நாளைக்குச் சாப்பிடும்” என்று காத்திருக்கக் கூடாது. உணவை இளஞ்சூடாக்கினால் மணம் எழும். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரிந்தால்தான் பசிக்கும். அதன் மூக்கில் காய்ந்திருப்பதை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணி இல்லாத வீடு நம் பகுதியில் அரிது. இதற்கு அது மிகவும் ஏற்றது.

சிலருக்குக் கால்நடை மருத்துவர் வீட்டிலேயே தோலுக்கடியில் நீர் ஏற்றக் கற்றுக்கொடுப்பார். தோள்களுக்கு நடுவில் தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செலுத்தி, சலைன் வகை நீரை மெல்ல இறக்குவது. கேட்கும்போது அச்சமாக இருக்கும். இன்சுலின் போட்டுப் பழகிய கைகளுக்கு இது விரைவில் வந்துவிடுகிறது. அளவு மட்டும் அவர் சொன்னதாகவே இருக்கட்டும். நான்கு கிலோ பூனைக்கு 100 மில்லி என்பது அறுபது கிலோ மனிதருக்கு ஒன்றரை லிட்டர். இதயம் பலவீனமான பூனைக்கு அது நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். உங்கள் வீட்டு நோயாளிக்கு வாங்கி மீந்த குளுக்கோஸ் பாட்டிலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஊசி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

பூனையைத் தூக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்கலை வைணவ மரபில் மார்ஜார நியாயம் என்று ஒன்று உண்டு. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல, நம் முயற்சி ஏதுமின்றி இறைவன் நம்மைத் தூக்கிச் செல்கிறான் என்பது அதன் கருத்து. ஆண்டாள் பிறந்த ஊர்க்காரர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த உவமை குட்டிக்குத்தான் பொருந்தும். வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் அதற்கு வலியும் அச்சமும்தான். நோயுற்றிருந்தால் கடித்தே தீரும். ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்கால்களுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். மருந்து கொடுக்கும்போது தடித்த துண்டில் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிக்கொள்ளுங்கள். நீர்ம மருந்தைக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இனி ஆபத்தான பாதி. அது உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது.

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். நம் கல்லீரல் அந்த மருந்தை வேறொரு பொருளுடன் பிணைத்து, தீங்கற்றதாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதி பூனையிடம் போதிய அளவில் இல்லை. மருந்து நஞ்சாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. ஈறுகள் பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும். பாதி மாத்திரைதானே, கால் மாத்திரைதானே என்னும் கணக்கு இங்கே செல்லாது. உடனே கொண்டுசென்றால் மாற்று மருந்து உண்டு. கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு நாம் உண்ணும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பூனையின் சிறுநீரகத்தையும் குடலையும் தாக்கும். டைக்ளோஃபெனாக் பற்றி ஒரு செய்தி. அது செலுத்தப்பட்ட மாடுகளின் உடலைத் தின்றே நம் நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழிந்தன, 2006-இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு என்னவாகும் என்பதை ஊகித்து அறிய முடியாது.

நாய் வளர்க்கும் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. நாயின் முதுகில் உண்ணிக்காக விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் உள்ளது. நாய்க்கு அது தீங்கில்லை. பூனையின்மேல் பட்டால், அல்லது மருந்திட்ட நாயோடு ஒட்டிப் படுத்தால்கூட, வலிப்பு வரும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியுடன் பூங்கொத்தும் வருகிறது. அதில் லில்லி மலர் இருந்தால் வாசலிலேயே எடுத்துவிடுங்கள். அதன் இதழ், மகரந்தம், குவளைத் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாள்களில் செயலிழக்கச் செய்யும். முற்றத்து மல்லிகையால் அந்த ஆபத்து இல்லை.

சர்க்கரை நோயுள்ள பூனைக்கு இன்சுலின் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் பாட்டிலையும் சிரிஞ்சையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதும் 100 யூனிட் உள்ளதும் இரண்டும் விற்கின்றன. சிரிஞ்சும் அவ்வாறே இரு வகை. வீட்டு நோயாளிக்கு ஒன்றும் பூனைக்கு மற்றொன்றும் இருந்தால் தனித்தனி டப்பாக்களில் பெயர் எழுதி வையுங்கள்.

மனித மருந்து பூனைக்கு ஆகவே ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அண்மைக் காலத்தின் மிக அழகான எடுத்துக்காட்டு அதற்கு நேர்மாறானது. பூனைகளைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்று உண்டு. மனிதருக்கு அது தொற்றாது. பெரும்பாலான பூனைகளில் வெறும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிலவற்றில் மட்டும் உருமாறி, வயிற்றில் நீர் கோத்து, காய்ச்சல் வாட்டி, சில வாரங்களில் உயிரைப் பறிக்கும். இளம் பூனைகளே பெரும்பாலும் பலியாகும். இதற்கு மருந்தில்லை என்றே பல ஆண்டுகள் சொல்லப்பட்டுவந்தது. 2019-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த நீல்ஸ் பெடர்சனும் குழுவினரும் ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 26 பூனைகள் பன்னிரண்டு வாரச் சிகிச்சையை நிறைவு செய்தன. அடுத்த ஆண்டு கோவிட் நோயாளிகளுக்கு நாங்கள் செலுத்திய ரெம்டெசிவிர் உடலுக்குள் சென்று மாறும் பொருள் இதுவேதான். 2023-இல் சைப்ரஸ் தீவில் இந்நோய் பரவிப் பூனைகள் மடிந்தபோது, மனிதர்களுக்கு வாங்கி மீந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குப் பயன்படுத்த அந்நாட்டு அரசே அனுமதித்தது. வயிறு பருத்துக் காய்ச்சலோடு துவளும் இளம் பூனையை “இது பிழைக்காது” என்று இப்போது கைவிட வேண்டியதில்லை. ஆனால் அளவும் கால அளவும் கால்நடை மருத்துவரின் கையில் இருக்க வேண்டும்.

வீட்டு நோயாளியைக் காப்பது

இப்போது என் துறைக்கு வருகிறேன். நோயுற்ற பூனையால் உங்கள் நோயாளிக்குத் தீங்கு வருமா? கவனமாக இருந்தால் பெரும்பாலும் வராது. பூனையை வெளியேற்றிவிடுங்கள் என்று நான் பொதுவாகச் சொல்வதில்லை. வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் மணல் தட்டைத் தொடக் கூடாது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது வெளிவந்து ஒரு நாளாவது கடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. ஆகவே வீட்டில் உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் நாள்தோறும் கையுறையுடன் தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். மேலும், இந்தத் தொற்று மனிதருக்குப் பூனை மடியில் படுப்பதால் வருவதைவிட, சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத காய்கறியாலும் தோட்ட மண்ணாலும் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். நீர்ப் பை மாற்றும் அறைக்குள் பூனை வரவே கூடாது. இரவில் இயந்திரம் ஓடும்போது படுக்கையிலும் கூடாது. அசையும் குழாய் பூனைக்கு விளையாட்டுப் பொருள். பல் பட்ட சிறு துளை கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான பூனைகளின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா அதன் வழியே வயிற்றுக்குள் சென்று கடும் அழற்சியை உண்டாக்கியதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்துள்ளன. குழாயில் கசிவு கண்டாலோ வெளிவரும் நீர் கலங்கினாலோ அன்றே வாருங்கள், வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லுங்கள். இரத்த டயாலிசிஸ் செய்பவர்கள் ஃபிஸ்டுலா உள்ள கையில் பூனையை ஏந்த வேண்டாம். அதன் நகங்களின் நுனியை அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

கடித்துவிட்டால்? பூனையின் பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால் காயம் வெளியே சிறிதாகத் தெரியும், ஒரே நாளில் கை வீங்கிவிடும். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நாய்க்கடிக்குச் சொல்லும் அனைத்தும் பூனைக்கடிக்கும் பொருந்தும். வெறிநோய் பூனைக்கும் வரும், அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற வழியில்லை. தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் போடப்படுகிறது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கு ஊசி முறையே மாறலாம் என்பதால் உங்கள் மருந்துச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். தடுப்பூசி போடாத, வெளியே திரிந்துவரும் பூனை திடீரென நடத்தை மாறி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் தவித்தால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டாம்.

எங்கே செல்வது என்ற கேள்வியும் வரும். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள கால்நடை மருத்துவர்களையே முதலில் அணுகுங்கள். ஸ்கேன், விரிவான இரத்தப் பரிசோதனை போன்றவை தேவைப்பட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். பயணம் நோயுற்ற பூனையை வாட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் நண்பகல் பேருந்தைத் தவிர்த்து விடியற்காலையில் புறப்படுங்கள். கடுவன் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டுச் சிறுநீரும் வரவில்லை என்றால் வெயிலையும் நேரத்தையும் பார்க்காதீர்கள். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும்.

எதுவரை?

முதிர்ந்த வயதில் டயாலிசிஸ் வேண்டாம் என்று தெளிந்த மனத்தோடு தீர்மானிக்கும் நோயாளிகள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களைக் கைவிடுவதில்லை. குமட்டலுக்கும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து கொடுத்து, வீட்டிலேயே அமைதியாக வைத்திருக்கிறோம். முற்றிய நோயுள்ள பூனைக்கு வீட்டில் நாம் செய்யக்கூடியதும் ஏறத்தாழ இதுவே. இதமான இடம், எட்டும் தூரத்தில் தண்ணீர், தாழ்வான விளிம்புள்ள மணல் தட்டு, குமட்டலுக்கும் வலிக்கும் கால்நடை மருத்துவர் தரும் மருந்து.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. எங்கள் நோயாளி போதும் என்று வாய்விட்டுச் சொல்வார். பூனைக்காக நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவது. மொத்தம் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கருத்து. எண்ணைவிட, வீட்டார் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் இதன் பயன் இருக்கிறது. நாள் முழுதும் உடனிருப்பவர் இடும் எண்ணும் மாலையில் வீடு திரும்புபவர் இடும் எண்ணும் வேறுபடும். உடனிருப்பவர் சொல்வதற்கு நான் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

வேதனை தீராத நிலையில் கால்நடை மருத்துவர் ஊசியால் அமைதியாக உயிர் பிரியச் செய்யும் வழி சட்டப்படி உண்டு. அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் மனத்தையும் நம்பிக்கையையும் பொறுத்தது. மறுத்தால் வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். மூட்டையில் கட்டிச் சந்தைப் பக்கமோ மலையடிவாரத்திலோ விட்டுவருவது மட்டும் இரண்டிலும் சேராது. பசியாலும் தாகத்தாலும் துன்புற நேரும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பராமரிப்பவரைப் பற்றி ஒரு சொல். நோயுற்ற செல்லப்பிராணியைக் கவனிப்பவர்களிடம் மன அழுத்தமும் சோர்வும் கூடுதலாக இருப்பதை, அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகலும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதுமை மறதி நோயாளிகளைக் கவனிப்பவர்களை ஆராய்ந்துவந்தவர் அவர். கணவருக்கு டயாலிசிஸ் நடக்கும்போது பூனைக்காக அழுதால் ஊர் என்ன சொல்லும் என்று அடக்கிக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எங்கள் செவிலியர்களிடம் சொல்லுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். உறக்கம் கெட்டு, இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பூனை இறந்துவிட்டால் தெருநாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில், கிணற்றுக்கு எட்ட, புதையுங்கள். அதன் துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். மீந்த மருந்துகளை இன்னொரு பூனைக்கு ஆகும் என்று எடுத்துவைக்க வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வீட்டில் இருந்தால், வேறு குட்டி எடுக்கும் எண்ணம் எழும்போது என்னிடம் ஒருமுறை கேளுங்கள். மாற்று அறுவைக்குப் பிந்திய முதல் மாதங்களில் குட்டி வேண்டாம், பிறகு எடுப்பதானாலும் ஒரு வயதைக் கடந்த பூனையே நல்லது. பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையில் போடாமல் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் மூடி, அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரும்போது எடுத்து வாருங்கள். எங்கள் ஊசிக் கழிவோடு சேர்த்து முறையாக அகற்றிவிடுகிறோம்.